சின்ன தல முதல் ரகானே வரை... வெளியே போன பழைய ஆளை சிஎஸ்கே திரும்ப எடுக்கணுமா?

மசினகுடி:

ஐபிஎல் ஏலம் என்றாலே மசினகுடி ஜீப் ஸ்டாண்டில் ஒரு பஞ்சாயத்து கட்டாயம் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி பழைய ஆளை திரும்ப எடுக்கணுமா, வேண்டாமா? ஊட்டியில் இருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை தாண்டி இந்த ஊருக்கு வந்தாலும் பேச்சு என்னமோ சேப்பாக்கம் பேச்சுதான்.

மேட்ச் பார்ப்பதில் மட்டும் இந்த ஊருக்கு ஒரு சிக்கல். ராத்திரி 7.30 மணிக்கு முதல் பந்து போடும் நேரமும், காட்டு யானை ரோட்டுக்கு இறங்கும் நேரமும் ஒன்று. அதனால் மேட்ச் வீட்டுக்குள், விவாதம் மறுநாள் காலை டீக்கடையில் என்பது எழுதாத சட்டம்.

மசினகுடிக்கும் சிஎஸ்கேவுக்கும் நேரடி சம்பந்தமும் உண்டு. பக்கத்தில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமின் பொம்மன் - பெள்ளி தம்பதியை வைத்து எடுத்த 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அந்த ஆண்டு மே மாதம் தம்பதியை சேப்பாக்கத்துக்கு அழைத்து சிஎஸ்கே கவுரவித்தது. தோனி கையால் ஜெர்சி கொடுத்தார். அந்த சீசனில் கோப்பையும் சென்னைக்கே வந்தது.

பழைய ஆள் விவாதத்தில் முதலில் வந்து விழும் பெயர் சுரேஷ் ரெய்னா. அவரை 2022 ஏலத்தில் சிஎஸ்கே எடுக்காமல் விட்டது சரியா, தப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

<b>ஒரு கையும் தூக்கவில்லை</b>

2022 பிப்ரவரி 12, 13 தேதிகளில் பெங்களூருவில் மெகா ஏலம் நடந்தது. அதற்கு முன்பே ஜடேஜாவை ரூ.16 கோடி, தோனியை ரூ.12 கோடி, மொயின் அலியை ரூ.8 கோடி, ருதுராஜ் கெய்க்வாட்டை ரூ.6 கோடி என்று நாலு பேரை சிஎஸ்கே தக்க வைத்துக்கொண்டது. ரெய்னா வெளியே விடப்பட்டார். எந்த அணியும் எடுக்கலாம் என்ற நிலை.

அவருடைய அடிப்படை விலை ரூ.2 கோடி. முதல் நாள் பெயர் வாசிக்கப்பட்டது. பத்து அணி மேஜையிலும் ஒரு கையும் எழும்பவில்லை. மறுநாள் விலை போகாத வீரர்களில் வேண்டியவர்களை அணிகள் மறுபடி கேட்கலாம். அந்த பட்டியலிலும் ரெய்னா பெயர் வரவில்லை.

ஐபிஎல்லில் 205 ஆட்டம், 5,528 ரன் எடுத்தவர். அதில் சிஎஸ்கேவுக்காக மட்டும் 4,687 ரன். இந்த சாதனையை தோனியே 2025ல்தான் தாண்டினார். 2014 பிளே-ஆப்பில் பஞ்சாப்புக்கு எதிராக 25 பந்தில் 87 ரன் விளாசியதை ரசிகர்கள் இப்போதும் மொபைலில் போட்டு பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு இந்த கதியா என்று தமிழ்நாடே கொதித்தது.

கையில் காசு இல்லையா என்றால், அதுவும் இல்லை. ஏலம் முடிந்தபோது சிஎஸ்கே கையில் ரூ.2.95 கோடி மிச்சம் இருந்தது. ரெய்னா விலையை விட அதிகம். நிரம்பியது இடம்தான். ஒரு அணிக்கு 25 பேர்தான் உச்சவரம்பு. அந்த 25ம் முடிந்துவிட்டது.

12 ஆண்டாக அணிக்கு தொடர்ந்து ஆடியவர், அவரை விடுவது எங்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் பார்மையும் அணி அமைப்பையும் பார்க்க வேண்டி இருக்கிறது என்ற அர்த்தத்தில் சிஎஸ்கே தலைமை செயல் அதிகாரி காசி விஸ்வநாதன் விளக்கம் கொடுத்தார். ரசிகர்கள் அதை காதில் வாங்கவில்லை.

<b>கணக்கு என்ன சொல்கிறது?</b>

பாசத்தை கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு 2021 சீசனை பார்க்கலாம். ரெய்னா 12 ஆட்டத்தில் ஆடினார். மொத்தம் 160 ரன். ஸ்டிரைக் ரேட் 125. அதாவது சீசன் முழுக்க அவர் சந்தித்ததே 128 பந்துதான். டெல்லிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 54 ரன் அடித்தார். மற்ற 11 ஆட்டத்தையும் சேர்த்தால் 106 ரன். மூன்றாவது, நான்காவது ஆளாக இறங்குகிறவருக்கு இது போதாது. உயரமாக எழும்பும் பந்தை போட்டே எதிரணிகள் அவரை கட்டிப்போட்டதும் எல்லோருக்கும் தெரியும்.

லீக் சுற்றின் கடைசி கட்டத்தில் ரெய்னா வெளியே உட்கார்ந்தார். அவர் இடத்தில் ராபின் உத்தப்பா வந்தார். அதுவரை சீசன் முழுக்க பெஞ்சில் இருந்தவர். பிளே-ஆப்பில் டெல்லிக்கு எதிராக 44 பந்தில் 63 ரன், துபாயில் கொல்கத்தாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 15 பந்தில் 31 ரன். ரெண்டே ஆட்டத்தில் 59 பந்தில் 94 ரன். கோப்பை சென்னைக்கு வந்தது.

2022 ஏலத்தில் அதே உத்தப்பாவை சிஎஸ்கே ரூ.2 கோடிக்கு திரும்ப எடுத்தது. ரெய்னாவுக்கு வைத்த அதே விலை.

ரெய்னாவுக்கு வயசாகி விட்டது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரெய்னா 1986 நவம்பரில் பிறந்தவர். உத்தப்பா 1985 நவம்பர். ஒரு வருஷம் மூத்தவர்! ஆக சிஎஸ்கே வயசை பார்த்து விடவில்லை. கடைசியாக யார் பேட்டில் பந்து பட்டது என்று பார்த்தது.

சரி, அந்த கணக்காவது பலித்ததா என்றால், பாதிதான். 2022 ஏப்ரல் 12-ந் தேதி பெங்களூருவுக்கு எதிராக உத்தப்பா 50 பந்தில் 88 அடித்தார். அந்த ஆட்டத்தில் ஷிவம் துபே 46 பந்தில் ஆட்டம் இழக்காமல் 95. அந்த ஒரு நாள் கொண்டாட்டம். சீசன் முடிவில் உத்தப்பா கணக்கு 12 ஆட்டத்தில் 230 ரன். சிஎஸ்கே 14 ஆட்டத்தில் 4 வெற்றியோடு 9வது இடம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ரெய்னா எல்லா வகை கிரிக்கெட்டில் இருந்தும் ஓய்வு என்று அறிவித்தார். எட்டே நாள் கழித்து, செப்டம்பர் 14-ந் தேதி உத்தப்பாவும் ஓய்வு. எடுத்த ஆளும் விட்ட ஆளும் ஒரே மாதத்தில் மூட்டையை கட்டினார்கள். அதில் இன்னார் பெரிய லாபம், இன்னார் பெரிய நஷ்டம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

<b>உண்மையான நஷ்டம் எங்கே?</b>

உண்மையான நஷ்டம் அதே ஏலத்தில் வேற மேஜையில் நடந்தது. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

சென்னை பையன் சாய் சுதர்சனை குஜராத் டைட்டன்ஸ் அணி வெறும் ரூ.20 லட்சத்துக்கு தட்டிக்கொண்டு போனது. ரெய்னா விலையில் பத்தில் ஒரு பங்கு. டிஎன்பிஎல் பார்த்த நம்ம ஊர் ஆட்களுக்கு அவர் புது ஆளே இல்லை. நீலகிரிக்காரர்கள் சொந்த டீம் மாதிரி பார்க்கிற கோவை கிங்ஸ் அணிக்கு ஆடியவர். 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் அதே கோவை அணி அவரை ரூ.21.60 லட்சத்துக்கு எடுத்தது. ஐபிஎல்லில் குஜராத் கொடுத்ததை விட டிஎன்பிஎல் விலை அதிகம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த குஜராத் அணியில் சாய் சுதர்சன் முதலில் பெஞ்ச் ஆள்தான். 2023 மார்ச் 31-ந் தேதி ஆமதாபாத்தில் சிஎஸ்கேவுக்கு எதிரான தொடக்க ஆட்டம். பீல்டிங்கில் வில்லியம்சன் காலில் அடிபட்டார். அவருக்கு பதில் இம்பேக்ட் பிளேயராக உள்ளே வந்தவர் சாய் சுதர்சன். ரெண்டு மாதம் கழித்து அதே மைதானத்தில் இறுதி ஆட்டம். அதே சிஎஸ்கே. 47 பந்தில் 96 ரன்! மழை வந்து, கடைசி ரெண்டு பந்தில் ஜடேஜா சிக்சரும் பவுண்டரியும் அடித்ததால் சென்னை தப்பியது. இல்லை என்றால் கோப்பையை நம்ம பையனே நம்மிடம் இருந்து பறித்திருப்பார்.

2025 சீசனில் அவர் 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். இந்திய டெஸ்ட் அணிக்கும் போனார்.

சிஎஸ்கே உள்ளூர் பையன்களை எடுக்கவே இல்லை என்று சொல்வதும் நியாயம் இல்லை. அதே 2022 ஏலத்தில் ஜெகதீசனையும் ஹரி நிஷாந்தையும் தலா ரூ.20 லட்சத்துக்கு எடுத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் ஜெகதீசனை விடுவித்தார்கள். விடுவித்த சில நாளிலேயே விஜய் ஹசாரே போட்டியில் அருணாசல பிரதேசத்துக்கு எதிராக 277 ரன் அடித்தார் ஜெகதீசன். கொல்கத்தா அவரை ரூ.90 லட்சத்துக்கு கூட்டிக்கொண்டு போனது.

ரெய்னாவை விட்டது தப்பா என்று வருஷக்கணக்கில் கத்திய கூட்டம், சாய் சுதர்சனை ஏன் விட்டீர்கள் என்று அன்றைக்கு ஒரு குரல் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

<b>50 லட்சத்தில் அடித்த லாட்டரி</b>

அப்போ பழைய ஆளே வேண்டாமா என்று கேட்டால், ரகானே கதை அதற்கு எதிர் சாட்சி.

2022 சீசனில் கொல்கத்தாவுக்காக 7 ஆட்டத்தில் 133 ரன்தான். ஆமை வேகம் என்று கிண்டல் வேறு. அந்த டிசம்பரில் கொச்சியில் நடந்த ஏலத்தில் ரூ.50 லட்சம் அடிப்படை விலைக்கே சிஎஸ்கே எடுத்தது. டெஸ்ட் பிளேயரை வைத்து என்ன பண்ணுவது என்று சிஎஸ்கே ரசிகர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

2023 ஏப்ரல் 8. மும்பை வான்கடே. ஸ்டோக்சுக்கு காயம், மொயின் அலிக்கு உடம்பு சரியில்லை. டாசுக்கு கொஞ்ச நேரம் முன்புதான் ஆடணும் என்று ரகானேவுக்கு தகவல் போனது. 27 பந்தில் 61 ரன்! அடுத்து ஈடன் கார்டனில் 29 பந்தில் ஆட்டம் இழக்காமல் 71. அந்த சீசனில் 14 ஆட்டத்தில் 326 ரன், ஸ்டிரைக் ரேட் 172. அதை வைத்தே இந்திய டெஸ்ட் அணிக்குள்ளும் திரும்ப நுழைந்தார்.

ரகானேவிடம் 500 ரன்னை யாரும் கேட்கவில்லை. முதல் பந்தில் இருந்து வீசு, அவுட் ஆனால் பரவாயில்லை என்பதுதான் அவருக்கு கொடுத்த வேலை. பின்னால் துபே, ராயுடு, ஜடேஜா, தோனி என்று ஆள் வரிசையில் நிற்கிறார்கள். விலையும் 50 லட்சம். சரியாக வரவில்லை என்றால் நாலு ஆட்டத்தில் உட்கார வைத்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் ரெண்டாவது வருஷம்? அதே ரகானே 2024ல் 13 ஆட்டத்தில் 242 ரன். ஸ்டிரைக் ரேட் 123க்கு இறங்கியது. முந்தின வருஷம் ஜாக்பாட், அடுத்த வருஷம் சுமை. சிஎஸ்கே அத்தோடு அவரை விட்டது. கொல்கத்தா ரூ.1.50 கோடிக்கு எடுத்து கேப்டன் ஆக்கியது. அங்கே 2025ல் 390 ரன் எடுத்தார் என்பது தனிக்கதை. சென்னையில் அவருக்கு இருந்த வேலை முடிந்திருந்தது, அங்கே வேற வேலை கிடைத்தது.

ஆக பழைய ஆளை திரும்ப எடுப்பதில் முதல் வருஷத்தை விட ரெண்டாவது வருஷம்தான் ஆபத்து. நன்றாக ஆடிய சூட்டில் இருக்கும்போது விட மனசு வராது. எல்லா டீமும் வழுக்கி விழும் இடம் அது.

<b>இம்பேக்ட் பிளேயர் வந்த பிறகு</b>

2023ல் வந்த இம்பேக்ட் பிளேயர் விதி பெஞ்ச் ஆட்டக்காரரின் மதிப்பையே மாற்றிவிட்டது. டாசின்போது 11 பேரோடு சேர்த்து 5 மாற்று வீரர்கள் பெயரை கொடுக்க வேண்டும். அதில் ஒருவர் ஆட்டத்தின் நடுவில் இறங்கலாம். முதலில் பேட்டிங் என்றால் பேட்ஸ்மேன் அடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார், அவர் இடத்தில் பந்து வீசுகிறவர் வருவார். ஐபிஎல்லில் இப்படி முதல் ஆளாக உள்ளே வந்தவரே சிஎஸ்கேவின் துஷார் தேஷ்பாண்டேதான். ராயுடு வெளியே போனார்.

ராயுடுவுக்கு 2023ல் கிடைத்தது இந்த வேலைதான். சீசன் முழுக்க 158 ரன்தான். ஆனால் இறுதி ஆட்டத்தில் 8 பந்தில் 19 ரன் அடித்துவிட்டு, கோப்பையோடு ஓய்வு பெற்றார். 8 பந்துக்கு ஒரு ஆளை வைத்திருப்பது லாபமா என்று கேட்டால், அந்த 8 பந்து எந்த ராத்திரி வருகிறது என்பதை பொறுத்தது.

இந்த விதி 2022லேயே இருந்திருந்தால் ரெய்னாவுக்கு ஒரு மேஜையாவது கை தூக்கி இருக்கும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் அவருக்கு வந்த சிக்கல் எழும்பி வரும் பந்தில். இம்பேக்ட் பிளேயராக வந்தாலும் அந்த பந்து எழும்பித்தானே வரும்?

<b>2025ல் பாசத்துக்கு கொடுத்த விலை</b>

கணக்கை மறந்து பாசத்தை பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 சீசன் உதாரணம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் சிஎஸ்கே பழைய முகங்களை தேடி தேடி எடுத்தது. அஸ்வின் ரூ.9.75 கோடி. சாம் கரண் ரூ.2.40 கோடி. விஜய் சங்கர் ரூ.1.20 கோடி. இவர்களோடு அனுபவசாலிகள் என்ற கணக்கில் ராகுல் திரிபாதி ரூ.3.40 கோடி, தீபக் ஹூடா ரூ.1.70 கோடி.

அஸ்வின் சேப்பாக்கத்துக்கு திரும்புகிறார் என்றதும் விசில் பறந்தது. ஆடியது 9 ஆட்டம், எடுத்தது 7 விக்கெட். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கே ஓய்வு அறிவித்தார். 2025 ஏப்ரல் 5-ந் தேதி சேப்பாக்கத்தில் டெல்லிக்கு எதிராக 184 ரன் இலக்கை துரத்தியபோது விஜய் சங்கர் கடைசி வரை நின்று 69 ரன் அடித்தார். ஆனால் அதற்கு 54 பந்து ஆனது. சென்னை 25 ரன்னில் தோற்றது. ரன் வந்தும் ஆட்டம் போன அந்த ராத்திரியை ரசிகர்கள் மறக்கவில்லை. ஸ்கோர்போர்டில் அரைசதம் இருக்கும், ஜெயிக்க வேண்டிய பந்துகள் காணாமல் போயிருக்கும். பழைய ஆளை எடுப்பதில் வெளியே தெரியாத செலவு இதுதான்.

முடிவு, சிஎஸ்கே வரலாற்றில் முதல்முறையாக பட்டியலில் கடைசி இடம்.

அதே சீசனில் ருதுராஜ் காயத்தால் விலக, அவருக்கு பதில் 17 வயது ஆயுஷ் மாத்ரே ரூ.30 லட்சத்துக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே மும்பைக்கு எதிராக 15 பந்தில் 32. பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94. ஏழே ஆட்டத்தில் 240 ரன். சீசன் தொடக்கத்தில் இந்த இடம் பெரியவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதற்கு பிறகு சிஎஸ்கே நிர்வாகத்துக்கும் புத்தி வந்த மாதிரிதான் தெரிந்தது. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்கு கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற ரெண்டு இளசுகளுக்கு தலா ரூ.14.20 கோடி கொட்டினார்கள். பழசில் இருந்து ஒரேயடியாக புதுசுக்கு தாவியது டூ மச் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. அந்த முணுமுணுப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 20 லட்சத்துக்கு கிடைக்கிற காலத்தில் நம்ம பையனை விட்டுவிட்டு, அப்புறம் 14 கோடிக்கு பையன் தேடினால் யார்தான் முணுமுணுக்க மாட்டார்கள்?

<b>கும்கிக்கு கிடைத்த மரியாதை</b>

ரெய்னா விஷயத்தில் சிஎஸ்கே செய்த தப்பு, அவரை எடுக்காதது அல்ல. ரூ.2 கோடி பலகையோடு ஏல மேடையில் அவர் பெயர் வாசிக்கப்பட்டு, பத்து மேஜையும் மவுனமாக இருக்கும் வரைக்கும் விட்டதுதான். எடுக்கப்போவது இல்லை என்று தெரிந்த பிறகு, ஏலத்துக்கு முன்பே கூப்பிட்டு ஒரு வழியனுப்பு விழா நடத்தியிருக்கலாம். சேப்பாக்கம் நிரம்பி வழிந்திருக்கும். அந்த சீசனில் ரெய்னா இந்தி வர்ணனையாளராக மைக் பிடித்ததை பார்த்துத்தான் ரசிகர்கள் மனசை தேற்றிக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் வனத்துறை ஒரு படி மேல். 2023 மார்ச்சில் ஆனைமலை கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கிக்கு 60 வயதில் ஓய்வு கொடுத்தார்கள். காட்டு யானைகளை பிடிக்கும், விரட்டும் பணிகளில் ஊருக்கே தெரிந்த பெயர். வனத்துறையினர் வரிசையில் நின்று அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். தெப்பக்காட்டிலும் அதே முறைதான். வயசான யானையை ஆபரேஷனுக்கு ஏற்றுவது இல்லை, முகாமை விட்டு துரத்துவதும் இல்லை. வேலை இளம் கும்கிக்கு போகும், ராகி உருண்டை பழைய கும்கிக்கும் வரும்.